குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? பாலக்காட்டு எல்லையில் அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், சித்தூர் என்று குடிபோகிறவர்கள் வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்கு இங்குள்ள போர்த்தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) கரடாகத் தெரியும். (சிறுவாணி அணையே பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.) "இந்த ஊர்த் தண்ணி நல்லதா?" என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் மூன்று தண்ணீர் ஓடும். வாட்டர் அதாரிட்டி (கேரள அரசின் குடிநீர் வாரியம்) லைன் ஒன்று, கிணறு ஒன்று, போர் ஒன்று. மூன்றின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

அதனால் முதலில் எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குப் பக்கத்து வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். உடனே நின்றுபோவது லைனில் நேராகச் சேர்ந்த குழாய். தொடர்ந்து வருவது மாடித்தொட்டித் தண்ணீர். அந்தத் தொட்டிக்குள் என்னென்ன பைப் இறங்குகிறது என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். லைனையும் போரையும் ஒரே தொட்டியில் விட்டிருக்கும் வாடகை வீடுகள் இங்கே ஏராளம். அப்படி இருந்தால் லைன் தண்ணீரில் வரும் குளோரின் தொட்டிக்குள்ளேயே தீர்ந்துபோகும், போரின் உப்பும் கூடச் சேரும். மீட்டரை ஒட்டி ஒரு குழாய் தனியாக வைத்து, குடிக்கவும் சமைக்கவும் அதில் மட்டும் பிடியுங்கள். பிளம்பருக்கு அரைநாள் வேலை. பல வீடுகளில் இதற்குமேல் எந்த ஃபில்டரும் தேவைப்படாது.

இனி அறிகுறிகள்.

பிடித்தவுடன் பால்போல் வெள்ளையாக இருக்கிறது

கண்ணாடி டம்ளரில் பிடித்து இரண்டு நிமிடம் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக்குமிழி. லைன் நின்று திரும்ப வரும்போது பைப்பில் அடைபட்ட காற்று. குடிக்கலாம். மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் வண்டல் நின்றால் மண். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

லைன் தண்ணீர் முதல் பத்து நிமிடம் கலங்கி வருகிறது

இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. லைனில் 24 மணி நேரமும் அழுத்தம் இருந்தால் விரிசல் வழியே தண்ணீர் வெளியேதான் கசியும். சப்ளை நின்றதும் பைப் காலியாகி உள்ளே வெற்றிடம் ஏற்படுகிறது. அப்போது அதே விரிசல் வழியே வெளியே தேங்கிய சாக்கடையும் மழைநீரும் உள்ளே இழுக்கப்படும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருக்களில் முதலில் வருவதுதான் மிக மோசமான தண்ணீர். அதைச் செடிக்கு விடுங்கள், தெளிந்தபிறகு குடத்தை வையுங்கள்.

லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடு தெருவில் ஒன்று இருந்தாலும் போதும், இந்த உறிஞ்சல் பல மடங்காகும். அது சட்டப்படியும் குற்றம். அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்ப்பது சங்கடமான காரியம்தான், ஆனால் உங்கள் குடத்தில் விழுவது அவர் மோட்டார் இழுத்த அழுக்கு.

குளோரின் வாடை அடிக்கிறது, அல்லது அடிக்கவே இல்லை

வாடை அடித்தால் மகிழ வேண்டும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் வைத்தால் வாடை குறையும். லைனின் கடைக்கோடி வீடுகளில் வாடையே இராது. அங்கே கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். ஆர்த்தோடோலிடின் துளிமருந்து உள்ள சிறு சோதனைக் கிட்டில் தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, நிறம் மாறவில்லையென்றால் இல்லை. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

காவி நிறம், இரும்பு ருசி

எப்போது சிவக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

குழாயில் வரும்போதே சிவந்திருந்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டால் தெளிகிறது என்றால் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் துரு. பைப்பை மாற்றினால் தீரும். பிடிக்கும்போது பளிங்குபோல் இருந்து, ஒருமணி நேரம் கழித்துக் குடத்தில் காவி படிந்தால் நிலத்தடியில் கரைந்த இரும்பு. அது காற்றுப்பட்ட பிறகே துருவாகிறது. கட்டன்சாயா (பால் விடாத டீ) போட்டுப் பார்த்தாலும் தெரியும். தேயிலையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து சாயா மைபோல் கறுக்கும். கக்கூஸ் தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று செம்பழுப்புப் படலம் இருந்தால் இரும்பைத் தின்னும் பாக்டீரியாவும் குடியிருக்கிறது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கலாம் என்பது இப்போதைய தரம். அதைத் தாண்டினாலும் ருசியும் துணியும்தான் முதலில் கெடும். தீர்வு காற்றாட்டி வடிப்பது. ஷவர்போல் துளையிட்ட பைப்பிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தொட்டியில் விழவிட்டு, ஒருமணி நேரமாவது தங்கவைத்து, இரண்டடி மணல் படுகை வழியே இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை படுகையைத் தலைகீழாக ஓடவிட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பிஎச் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு) 7க்குக் கீழே இருந்தால் இரும்பு மெதுவாகவே துருவாகும். செம்மண்பாறைப் பூமியில் காற்றாட்டல் மட்டும் போட்டு ஏமாறுவது இதனால்தான். இரும்பை எடுக்காமல் நேராக ஆர்.ஓ. (மெல்லிய சவ்வு வழியே உப்பை வடிக்கும் கருவி) மாட்டினால் மெம்பிரேன் என்ற அந்தச் சவ்வு சீக்கிரமே அடைத்துப் போகும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

அழுகிய முட்டை வாடை

டம்ளரில் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய் முகருங்கள். அங்கே வாடை இல்லையென்றால் நாறுவது வாஷ்பேசின் சாக்கடை. சுடுதண்ணீரில் மட்டும் நாறினால் கீசருக்குள் உள்ள மக்னீசியக் கம்பியும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. கீசரைக் காலி செய்து கழுவி, அலுமினியக் கம்பியாக மாற்றச் சொல்லுங்கள். எல்லாக் குழாயிலும் நாறினால் போரிலேயே ஹைட்ரஜன் சல்பைடு. மாதக்கணக்கில் ஓட்டாத போரில் இது சகஜம். சில மணி நேரம் இறைத்து வெளியேவிட்டுப் பிறகு குளோரின் போடுங்கள்.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது

சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் கலந்த மண், அதன்கீழே கெட்டிப்பாறை. போர் போட்ட இடமெல்லாம் கால்சியமும் மக்னீசியமும் ஏறிய தண்ணீர். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை குடிக்கலாம் என்பது தரம். கடினத்தண்ணீர் விஷமில்லை. பருப்புக்கு மட்டும் லைன் தண்ணீர் ஊற்றுங்கள், ஆப்பசோடா போட வேண்டாம். சோடாவில் பருப்பு குழையும், ஆனால் தயமின் அழிந்துபோகும்.

டிடிஎஸ் மீட்டர் என்ற பேனா இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டும் அது ஏறக்குறையச் சொல்லும். கிருமியைச் சொல்லாது, ஃப்ளூரைடைச் சொல்லாது, சாக்கடை கலந்ததையும் சொல்லாது. 80 காட்டும் லைன் தண்ணீரில் காமாலைக் கிருமி இருக்கலாம், 700 காட்டும் போர்த்தண்ணீர் கிருமியில்லாமலும் இருக்கலாம். 500க்குக் கீழே இருந்து வேறு வேதிப்பொருள் கோளாறும் இல்லையென்றால் ஆர்.ஓ. வீண்செலவு. ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

பித்தளைக் குழாய்க்கடியில் பச்சைக் களிம்பு, காலையில் உலோக ருசி

கடினத்தண்ணீருக்கு நேர்எதிர்க் கோளாறு இது. பாலக்காட்டுக்கு மேற்கே செம்மண்பாறைக் கிணறுகளிலும், மூணாறு, நெல்லியாம்பதி போன்ற மலையிடங்களிலும் தண்ணீர் மென்மையாக, புளிப்பேறி இருக்கும். பிஎச் 6.5க்குக் கீழே போனால் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். இரவெல்லாம் பைப்பில் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்க வேண்டாம், ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கிணற்றில் கண்ணளவாகச் சுண்ணாம்பு கொட்டுவது ஆபத்து, பிஎச் மேலே எகிறிவிடும். சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய வடிகலம் வைத்தால் தானாக அளவோடு நிற்கும்.

சேற்று வாடை

கோடையில் அணைநீர் வற்றும்போது பாசி விடும் வாடை. கெடுதல் இல்லை. கார்பன் ஃபில்டர் போதும்.

நிறமில்லை, வாடையில்லை, ருசி நன்றாக இருக்கிறது

பயப்பட வேண்டிய தண்ணீர் இதுதான். மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். ஃப்ளூரைடும் நைட்ரேட்டும் கிருமியும் காட்டிக்கொடுக்காது.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, முதலமடை வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் ஃப்ளூரைடு கூடுதல். லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்ல அளவு, 1.5 உச்சவரம்பு. குழந்தைகளுக்கு முளைத்த நிரந்தரப் பற்களில் சுண்ணாம்புத் தீற்றல்போல் வெள்ளைக் கோடோ பழுப்புத் திட்டோ இருந்தால் சந்தேகியுங்கள். ஆனால் அந்தத் திட்டு பல் ஈறுக்குள் உருவான காலத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் விழுந்தது. அதாவது பல வருடம் முன்பு குடித்த தண்ணீரின் தடயம். போன வருடம் குடிவந்த வீட்டுப் போரை அதற்குக் குற்றம் சொல்லக் கூடாது.

கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக அடர்த்தி கூடவே செய்யும். கேன்டில் ஃபில்டர், கார்பன், யூவி (புற ஊதா விளக்கு) எதுவும் பயன்படாது. ஆர்.ஓ. எடுக்கும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு வைத்து, வடிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலப்பார்கள். போரில் ஃப்ளூரைடு 3 மில்லிகிராம், மெம்பிரேன் தாண்டி வருவது 0.3 என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு வடிக்காத தண்ணீர் கலந்தால் டம்ளரில் 1.2 வந்து நிற்கும். பேனா மீட்டர் "நல்ல தண்ணி" என்று சொல்லும். ஃப்ளூரைடு இருக்கும் ஊரில் அந்தத் திருகை முழுதாக மூடச் சொல்லுங்கள். லைன் தண்ணீர் கிடைக்கும் வீடென்றால் குடிக்க அதையே எடுத்துக்கொண்டு போரைக் குளிக்கத் துவைக்க வைத்துக்கொள்வது செலவில்லாத வழி.

நைட்ரேட் தென்னந்தோப்பு உரத்திலிருந்தும், மாட்டுக்கொட்டகை, கக்கூஸ் குழியிலிருந்தும் இறங்கும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்குமேல் சலுகை கிடையாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்பொடி கரைக்க அந்தத் தண்ணீரை எடுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உதடு நீலம் பாரிக்கும். இதுவும் கொதித்தால் போகாது.

வயிற்றுப்போக்கு, அல்லது வீட்டில் இரண்டு பேருக்குக் காமாலை

புதிதாக வந்த ஒருவருக்கு மட்டும் இரண்டு நாள் வயிறு கலங்கினால் சாப்பாடாகவும் இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும், பக்கத்து வீட்டுக்கும் என்றால் தண்ணீர். காமாலைக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஹெபடைட்டிஸ் ஏ கிருமி உள்ளே போய் 2 முதல் 6 வாரம் கழித்தே மஞ்சள் தெரியும். எனவே நேற்றுக் குடித்ததை விட்டுவிட்டு, போன மாதம் எங்கே குடித்தோம், எந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டோம் என்று யோசியுங்கள். 2024ல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்குக் காமாலை பரவியது பொதுக் குடிநீர் வழியாகத்தான்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் போதும். மூணாறு உயரத்திலும் அதே ஒரு நிமிடம்தான். 2000 மீட்டருக்கு மேலே போனால் மூன்று நிமிடம். அப்படியே மூடி ஆறவிட வேண்டும். இந்த ஊர் ஹோட்டல்களில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டு ரோஜா நிறத்தில் வெதுவெதுப்பாக ஒரு தண்ணீர் வைப்பார்கள். நிறத்தில் குறையில்லை. ஆனால் ஒரு பங்கு கொதிக்கவைத்து மூன்று பங்கு பச்சைத்தண்ணீர் விளாவும் வழக்கம் சில இடங்களில் உண்டு, காமாலை அந்தப் பச்சைத்தண்ணீரில்தான் வருகிறது. ஆவி பறக்கச் சூடாக இருந்தால் குடியுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம். வீட்டிலும் விளாவாதீர்கள்.

கிணற்றுக்குக் குளோரின் போடும் கணக்கு: விட்டத்தை மீட்டரில் அளந்து, அதையே அதனால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785 ஆல் பெருக்கினால் லிட்டர். மூன்று மீட்டர் விட்டம், நான்கு மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் ப்ளீச்சிங் பவுடர் வீதம் 70 கிராம். நோய் பரவும் நேரம், வெள்ளம் புகுந்த நேரம் என்றால் இரட்டிப்பாக 140 கிராம். பவுடரைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேல்தெளிவை மட்டும் இறைக்கும் வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் அலசிக் கலக்குங்கள். அடிச்சுண்ணாம்பு கிணற்றில் விழக்கூடாது. ஒருமணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது வசதி.

போட்டும் பலனில்லையென்றால் மூன்று காரணம். பவுடர் பழசு: வாய் திறந்து கிடந்த பையில் வீரியம் போயிருக்கும், மூக்கில் சுருக்கென்று ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. தண்ணீர் கலங்கல்: மண்ணே குளோரினைத் தின்றுவிடும். குடிக்கும் அளவுக்கு என்றால் 20 லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் படிகாரம் சுழற்றித் தெளியவைத்த பிறகு குளோரின் போடுங்கள். மூன்றாவது, பக்கத்திலிருந்து தொடர்ந்து அழுக்கு ஊறுவது. கேரளக் கட்டட விதிப்படி கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும். உங்கள் குழியை மட்டும் அளந்து நிம்மதியடையாதீர்கள், மதிலுக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டுக் குழி நாலடியில் இருக்கும். மேடான பக்கத்துக் குழி என்றால் இன்னும் மோசம்.

மாடித்தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகு, 1000 லிட்டருக்கு 150 கிராம் பவுடரின் தெளிவை ஊற்றி நிரப்பி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஆறு மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, செப்டிக் டேங்கிலும் விடக் கூடாது. ஆர்.ஓ. இணைப்பை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். குளோரின் மெம்பிரேனை அரிக்கும்.

அமீபா மூளைக்காய்ச்சலைப் பற்றியும் கேட்கிறார்கள். அது குடித்து வருவதில்லை, மூக்கு வழியே ஏறுவது. குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் மூக்கில் உறிஞ்சாதீர்கள், மூக்கு கழுவக் காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுங்கள்.

கேன் தண்ணீர்

ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் கேள்வியே இதுதான். கருங்கல் பூமி, ஆழமான போர், ராயலசீமையின் பல இடங்களில் ஃப்ளூரைடு. அதனால் தெருவுக்குத் தெரு பிளாண்ட் வைத்து 20 லிட்டர் கேன் நிரப்பித் தருகிறார்கள். மூடி சீல் வைத்து ஐ.எஸ். 14543 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை போட்டது வேறு, நாம் கொண்டுபோகும் கேனில் குழாய் திறந்து நிரப்புவது வேறு. இரண்டாவதில் உப்பும் ஃப்ளூரைடும் குறைந்திருக்கலாம், ஆனால் கேன் அழுக்கென்றால் கிருமிக்குத் தடையில்லை, ஏனென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிச்சம் இராது. வாரம் ஒருமுறை கேனுக்குள் பாசிப்பச்சை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மூன்று நான்கு நாளில் தீருங்கள்.

சோதனைக்குக் கொடுப்பது

வாட்டர் அதாரிட்டியின் மாவட்ட ஆய்வகம் பாலக்காட்டில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தனியாரின் கிணற்றுத் தண்ணீரையும் பார்த்துத் தருவார்கள். வேதிப்பொருளுக்கு இரண்டு லிட்டர் சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்றுமுறை அலசிப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமிநீக்கிய குப்பி மட்டும்தான். அதை அலசவே கூடாது. குழாய் முனையை நெருப்பில் வாட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குளோரின் போட்ட அன்றே கிணற்று மாதிரி எடுத்தால் முடிவு அழகாக வரும், பொய்யாக வரும். குளோரின் தீர்ந்த பிறகு எடுங்கள்.

வீட்டிலேயே பார்க்க எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைக் குப்பி கிடைக்கிறது. கோடுவரை தண்ணீர் நிரப்பி அறைச்சூட்டில் வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுப்பது மலக்கிருமியின் அடையாளம். முட்டை வாடை அடிக்கும் போர்த்தண்ணீர் கிருமியில்லாமலே கறுக்கும், அதில் இந்தக் குப்பியை நம்ப வேண்டாம்.

ஆய்வக முடிவில் முதலில் தேட வேண்டியது ஈ.கோலை என்ற மலக்கிருமி. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகு ஃப்ளூரைடு, நைட்ரேட். டிடிஎஸ்ஸைக் கடைசியாகப் பார்த்தால் போதும். லைன் தண்ணீரில் ஈ.கோலை வந்தால் வாட்டர் அதாரிட்டியின் 1916 எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாள், சப்ளை வந்து எத்தனையாவது நிமிடத்தில் பிடித்தது, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்ற மூன்றையும் சொன்னால்தான் எந்த இடத்தில் பைப் உடைந்திருக்கிறது என்று அவர்களால் தேட முடியும். பஞ்சாயத்து சுகாதார ஆய்வாளருக்கும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.